ஆசை தீராமல் போனவர்கள்: காதலும் பேயும் சேர்ந்த படங்கள்

காட்பாடியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "காதலும் பேயும் கலந்த படங்கள் பழசு, புதுசு எதுவானாலும் நல்லதாகச் சொல்லுங்கள் அண்ணா. இப்போது வருகிறதில் பயமும் வரவில்லை, காதலும் ஒட்டவில்லை. ஏன்?"

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது புரிந்தால் எந்தப் படத்தைப் பார்ப்பது என்று நீங்களே பிரித்துக்கொள்ளலாம். இந்த வகைப் படங்களில் பேயை ஓட்டுகிற படம் உண்டு, பேய்க்குக் கொடுத்து அனுப்புகிற படம் உண்டு. ஓட்டுகிற படத்தில் கடைசி இருபது நிமிடம் மந்திரம், குங்குமம், காற்று, கத்தல். கொடுத்து அனுப்புகிற படத்தில் அவள் என்ன கேட்கிறாள் என்று யாராவது ஒருவர் காதுகொடுத்துக் கேட்கிறார். காதல் என்று வந்துவிட்டால் கேட்கிற படம்தான் நிற்கும். ஓட்டுகிற படத்தில் அவள் யாரைக் காதலித்தாள் என்பதே நமக்குத் தேவைப்படாமல் போய்விடுகிறது.

இது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த விஷயம் இல்லை. பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது வீட்டிலேயே தெரியும். கல்யாணம் வைத்தால் பத்திரிகை, பந்தலுக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும் என்று பாட்டி சொல்வார். யார் அந்தப் பூவாடைக்காரி? இந்தக் குடும்பத்தில் பூவோடும் பொட்டோடும் செத்துப்போனவள், இல்லையென்றால் கல்யாணம் காணாமலே செத்த கன்னிப்பெண். பம்பைக்காரரை அழைத்து, கலசம் ஜோடித்து, அவளை வர்ணித்துப் பாடி வரவழைப்பார்கள். புதுப்புடவை, வளையல், மஞ்சள், பூ எல்லாம் வைத்துக் கும்பிடுவார்கள். பேய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கணக்கு ஒன்றுதான்: அவளுக்குக் கிடைக்காதது ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டு நம் வீட்டுக் கல்யாணத்தை நடத்துவோம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தவளுக்குச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நடுவதும் இதே மனசுதான். இறக்கி வைக்காத சுமையோடு போனவள், வழிப்போக்கர் யாராவது அந்தக் கல்லில் பாரத்தை இறக்கினால் அவளுக்கும் இறங்கும்.

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் பார்த்திருப்பீர்கள். படவேட்டு ரேணுகாம்பாளின் கதையும் அதுவே. ஆற்று நீரில் ஒரு கந்தர்வனின் நிழலைப் பார்த்து ஒரு கணம் மனம் சலித்தாள் என்பதற்காகப் புருஷன் சொல்லி, பெற்ற மகனே தலையை வெட்டுகிறான். பிறகு உயிர் வரம் கேட்டு, அந்தத் தலையை வேறொருத்தியின் உடம்பில் பொருத்துகிறார்கள். ஒரு நிமிட ஆசை, வெட்டுப்பட்ட தலை, ஒருத்தி உடம்பில் இன்னொருத்தி. ஆவி புகுந்த பெண்ணைப் பற்றி வந்த தமிழ்ப் படங்கள் எல்லாவற்றின் கருவும் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

இன்னொரு கதை அரக்கோணத்துக்குப் பக்கத்தில், திருவாலங்காடு பழையனூரில். நீலி கதை. போன பிறவியில் புருஷனால் கொல்லப்பட்டவள், இந்தப் பிறவியில் பேயாக வந்து அவனை வழிமறிக்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபைக்குப் போய், "இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறார்" என்று அழுகிறாள். அவன் பதறுகிறான், இது பேய் என்கிறான். வேளாளர் எழுபது பேரும் அவள் கண்ணீரைத்தான் நம்புகிறார்கள். உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிர் பிணை என்று சொல்லி, ஒரே அறையில் இரவு தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீப்பாய்ந்தார்கள். இந்தக் கதையில் எனக்குப் பயம் தருவது அவன் செத்தது இல்லை. கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஊரே சேர்ந்து "போய் உன் பெண்டாட்டியோடு இரு" என்று அவனை உள்ளே அனுப்புகிறதே, அந்த இடம்.

ஆக, நம் மண்ணில் காதல் பேய் இரண்டு வகை. ஆசை கிடைக்காமல் செத்தவள் ஒன்று, ஆசை வைத்தவனாலேயே செத்தவள் இன்னொன்று. படங்களையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால் சுலபம்.

சரி, படங்களுக்கு வருகிறேன். முடிவுகளை மறைக்காமல் சொல்வேன், அதனால் பார்க்காத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள்.

பழசில் நான் முதலில் கையில் கொடுப்பது ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). கல்யாண்குமார், தேவிகா, நம்பியார். நண்பனின் ஊருக்குப் போகும் இளைஞன், பாழடைந்த ஜமீன் மாளிகையில் போன பிறவியை நினைவு கூர்கிறான். அதில் அவன் ஜமீன்தாரின் மகன், அவள் ஏழை வீட்டுப் பெண் கண்ணம்மா. அப்பனே அந்தக் காதலை அழிக்கிறான். இதோடு நின்றிருந்தால் மறுபிறவிக் கதைகளில் ஒன்றாகப் போயிருக்கும். ஸ்ரீதர் செய்த காரியம், காதலர்கள் இருவரும் செத்துப் பிறந்து திரும்பி வரும்வரை அந்த ஜமீன்தாரைச் சாகவிடாமல் வைத்திருந்தது. நூறு வயதைத் தாண்டிய கிழவனாக, வெறுப்பு ஒன்றையே தின்று உயிரோடு இருக்கிறார் நம்பியார். அந்தப் படத்தில் பேய் என்று ஒன்று உண்டென்றால் அது உயிரோடிருக்கும் அவர்தான். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். தூசி, சிலந்திவலை, மேலிருந்து விழும் ஒரே ஒரு கற்றை வெளிச்சம். கறுப்பு வெள்ளையில் இருட்டு என்பது வெறும் கறுப்பு அல்ல என்பதை அந்த மாளிகைக் காட்சிகளில் பார்க்கலாம்.

அதே வின்சென்ட் அடுத்த வருடமே மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' (1964) இயக்கினார், எழுத்து வைக்கம் முகம்மது பஷீர். பேய் வீடு என்று ஊரே ஒதுக்கிய வீட்டுக்கு ஓர் எழுத்தாளர் குடிவருகிறார். வந்ததும் அவர் செய்வது, அங்கே இருப்பதாகச் சொல்லப்படும் பார்கவியோடு பேச்சுக் கொடுப்பது. நீ அங்கே இரு, நான் இங்கே எழுதுகிறேன் என்கிற மாதிரி. பிறகு அவள் கதையை எழுதி, எழுதியதை அவளுக்கே படித்துக் காட்டுகிறார். பேய்க்குக் கொடுக்கக்கூடியதில் அவள் கதையைத் திரும்பச் சொல்வதைவிடப் பெரிதாக எதுவும் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. 2023இல் 'நீலவெளிச்சம்' என்று மறுபடி எடுத்தார்கள், பார்க்க அழகாக இருக்கிறது. நான் பழசைத்தான் சொல்வேன்.

பழைய படங்களில் ஒரு பெரிய கூட்டம், பேய் என்று பயம் காட்டிவிட்டுக் கடைசியில் "அது மனுஷிதான்" என்று அவிழ்க்கும். இதற்கு மூலம் கமால் அம்ரோஹியின் இந்திப் படம் 'மஹல்' (1949). அசோக் குமார், மதுபாலா. அதில் வரும் 'ஆயேகா ஆனேவாலா' பாட்டுக்காக லதா மங்கேஷ்கரை மைக்கிலிருந்து தள்ளி நிற்கவைத்து, பாடிக்கொண்டே நடந்து வரச் சொன்னார்களாம், குரல் தூரத்திலிருந்து நெருங்குவதுபோல் கேட்க வேண்டும் என்று. அதன் பிறகு வெள்ளைப் புடவையும் தூரத்துப் பாட்டும் இல்லாமல் இந்தியாவில் பேய் நடமாடவில்லை. ராஜ் கோஸ்லாவின் 'வோ கௌன் தீ' (1964) தமிழில் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்த 'யார் நீ?' (1966) ஆனது. 'நானே வருவேன்' பாட்டை சுசீலா பாடிக் கேட்டால் இன்றைக்கும் முதுகில் ஏதோ ஊர்கிறது. ஆனால் முடிவு சொத்துக்காக நடந்த நாடகம். பகுத்தறிவுக்கு நல்லது, காதலுக்கு நஷ்டம். அத்தனை நேரம் உருகியது ஒரு வேஷத்துக்கா என்று ஆகிவிடுகிறது.

என் சொந்தக்காரர் ஒருவர் குடியாத்தம் பக்கத்து டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தார். ஒற்றை புரொஜெக்டர், கார்பன் குச்சி விளக்கு. ஒவ்வொரு ரீலுக்கும் படம் நிற்கும். பேய் கதவைத் திறக்கும் நேரத்தில் வெளிச்சம் போட்டு முறுக்கு, சுண்டல் விற்பார்களாம். அந்த இடைவெளியில்தான் ஜனங்கள் அதிகமாகப் பயந்தார்கள் என்பார் அவர். படத்தில் வருவதைவிட மோசமானதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடுவாராம்.

எழுபதுகளின் கடைசியில் பேய் நிஜமாகவே பேயானது. துரை இயக்கிய 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978), ரஜினி, விஜயகுமார், லதா, பத்மப்ரியா. செத்துப்போன முன்னாள் காதலி, அவனுடைய மனைவியின் உடம்பில் புகுந்து வாழ வருகிறாள். மலையாள 'யக்ஷகானம்' (1976) தான் மூலம், அதை இயக்கியவர் நடிகை ஷீலா. ஒரு பெண் இயக்கிய கதை என்பதாலோ என்னவோ, அந்த ஆவியை வெறும் கெட்டவளாக எழுதவில்லை. அவள் கேட்பது அவளுக்குச் சொல்லப்பட்ட வாழ்க்கையை. மனைவி கேட்பதும் அதையே. இரண்டும் நியாயம், உடம்பு ஒன்று. பின்னாளில் 'அரண்மனை' வரிசை இந்தக் கதையின் எலும்பை வைத்துக்கொண்டு சதையைத் தூக்கி எறிந்துவிட்டது என்பது என் எண்ணம். அதே துரை மறு வருடம் இந்தி 'நாகின்' படத்தைத் தழுவி 'நீயா?' எடுத்தார். ஸ்ரீப்ரியா பாம்பு. ஜோடியை இழந்த பாம்பின் பழி. 'ஒரே ஜீவன் ஒன்றே உள்ளம்' என்ற பாட்டுக்காகவே இன்னும் ஞாபகம் இருக்கிற படம். அதே 1979இல் கமலின் 'கல்யாணராமன்' வந்தது. அதைப் பேய்ப்படம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கல்யாணம் என்ற எத்துப்பல் பையன் கொலையாகி, இரட்டைச் சகோதரன் ராமனுக்குள் புகுந்து தன் காதலைத் தேடுகிற கதை அது. ஆண் ஆவி ஆசையோடு வந்தால் அது சிரிப்புப்படம், பெண் ஆவி வந்தால் திகில்படம். இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்பதுகளும் தொண்ணூறுகளின் தொடக்கமும் வேகமாகத் தாண்டலாம். 'மை டியர் லிசா', '13ஆம் நம்பர் வீடு' எல்லாம் பயத்துக்குச் சரி. காதல் தேடுகிறவர்களுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்புறம் 1993. ஃபாசிலின் 'மணிச்சித்ரதாழ்'. இதைத்தான் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004), தமிழில் பி. வாசுவின் 'சந்திரமுகி' (2005), இந்தியில் 'பூல் புலையா' (2007) என்று எடுத்தார்கள். ஷோபனாவுக்குத் தேசிய விருது. 'சந்திரமுகி' சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடியது. வேலூரில் அப்போது இருந்த எவருக்கும் அந்தக் கூட்டத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏன் இந்தக் கதை எத்தனை மொழிக்குப் போனாலும் நின்றது? முதல் காரணம், இதில் ஓட்டவே இல்லை. ஊருக்குள் மந்திரவாதி இருக்கிறார், பூஜை நடக்கிறது, ஆனால் குணமாவது அதனால் அல்ல. நாட்டியக்காரி கேட்டது பழி. தன் காதலனைக் கொன்று தன்னையும் கொன்றவனின் உயிர். மருத்துவர் அதைக் கொடுத்துவிடலாம் என்கிறார். பலகையைச் சுழற்றி ஆளை எடுத்துவிட்டு பொம்மையை வைக்கிறார்கள், அவள் பழிதீர்த்துக்கொண்டு போய்விடுகிறாள். பூவாடைக்காரிக்கு வைத்த புடவையும் அவள் உடுத்துவதில்லை, ஆனால் வைத்தாக வேண்டும். அந்தப் பொம்மையும் அதே காரியத்தைத்தான் செய்கிறது.

இரண்டாவது காரணத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, கோபம் வந்தால் தமிழில் பேசுகிறாள். தமிழ்ப் படத்தில் சந்திரமுகி ஆந்திரத்துக்காரி, 'ரா ரா' என்று தெலுங்கில் பாடுகிறாள். இந்தியில் அவள் வங்காளி. எங்கே எடுத்தாலும் பேய் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணாக இருக்கிறாள். பணக்காரன் வேற்றூரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து அரண்மனையில் அடைத்தவள். அவள் மொழி புரிகிற ஒரே ஆள் எதிர்வீட்டுக் காதலன். அவன் தலை போனதும் அந்த வீட்டில் அவளோடு பேச ஆளே இல்லை. காதல் அங்கே மொழியாகவும் இருக்கிறது. மதராஸ் ரசிகர்களுக்கு 'ரா ரா' விநோதமாக இருந்திருக்கலாம். 1911 வரை சித்தூர் நம் வட ஆற்காட்டோடு இருந்த ஊர். காட்பாடியிலும் குடியாத்தத்திலும் பாதித் தெருவுக்கு வீட்டில் தெலுங்கு. நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் குரல் பக்கத்து வீட்டுக் குரல். என் அத்தை படத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், நம்ம பக்கத்துப் பொண்ணு மாதிரியே இருக்குது" என்றார். பயந்ததாகச் சொல்லவே இல்லை.

ஜமீன் பங்களா என்பதும் சும்மா செட் இல்லை. ஆரணிக்குப் பக்கத்தில் பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார் கட்டிய மாளிகை இடிந்து கிடக்கிறது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்காகக் கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். ராணிப்பேட்டைக்குப் போனால் தேசிங்குராஜன் செத்ததும் உடன்கட்டை ஏறிய இளம் மனைவியின் கதை சொல்வார்கள். இந்த மாதிரி இடங்களில் யார் கட்டினார், எந்த வருடம் என்பது யாருக்கும் சரியாக ஞாபகம் இருப்பதில்லை. உள்ளே ஒரு பெண் இருந்தாள் என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

புதுசில் இரண்டு படங்களைப் பற்றித்தான் நிறையச் சொல்லத் தோன்றுகிறது.

ஒன்று அறிவழகனின் 'ஈரம்' (2009). இது நீலி வகை. அடுக்குமாடி வீட்டில் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்த பெண், விசாரிக்க வரும் போலீஸ்காரன் அவளுடைய பழைய காதலன். ஆவி வெள்ளைப் புடவையில் வரவில்லை, தண்ணீராக வருகிறது. கதவிடுக்கில் கசிவு, சுவரில் ஓதம், குடை, மழை. மனோஜ் பரமஹம்சாவின் ஒளிப்பதிவு முழுக்கச் சாம்பல் நிறம், நடுவே ஒரு சிவப்பு தெரிந்தால் யாருக்கோ முடிந்தது என்று அர்த்தம். ஆனால் படத்தின் பயம் தண்ணீரில் இல்லை. அடுத்தவர் தொட்ட பொருளைத் தொடமாட்டேன் என்கிற ஒரு புருஷன், மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு காதல் இருந்தது என்று தெரிந்ததும் அவளையே அப்படிப் பார்க்கத் தொடங்குகிறான். அந்தப் பார்வையைக் காட்டும் காட்சிகளில் பேயே இல்லை, ஆனால் அங்கேதான் குளிர் எடுக்கும். பழைய காதலன் அவளைத் திரும்பப் பெற முடியாது, செய்யக்கூடியது அவள் எப்படிச் செத்தாள் என்று தெரிந்துகொள்வது மட்டும். துப்பறிவதே அவனுக்குக் காதல் செய்யும் வழியாகிறது.

இன்னொன்று மிஷ்கினின் 'பிசாசு' (2014). விபத்தில் அடிபட்ட பெண்ணை வயலின் வாசிக்கும் ஓர் இளைஞன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான். அவன் கையைப் பிடித்தபடியே அவள் சாகிறாள். முன்பின் தெரியாதவன். அந்தக் கைப்பிடியில் பிறந்த காதல் அவன் வீட்டுக்குக் குடிவந்துவிடுகிறது. குடிக்க உட்கார்ந்தால் விடமாட்டேன் என்கிறது. இவன் பயந்துபோய் விரட்டப் பார்க்கிறான், நாமும் இவன் பக்கம் நின்று பயப்படுகிறோம். பாதிக்குப் பிறகுதான் தெரிகிறது, வீட்டில் நடந்ததெல்லாம் அக்கறை என்று. நாம் தப்பான பக்கம் நின்று பயந்திருக்கிறோம். அப்புறம் ராதாரவி. மகளின் உடம்பை எரிக்க மனமில்லாமல் ஐஸ் ஃபேக்டரியில் பனிக்கட்டிக்குள் வைத்திருக்கும் அப்பா. இளைஞனின் வீட்டுக்கு வந்து, உத்தரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மகளைப் பார்த்து, வீட்டுக்கு வந்துவிடம்மா என்று கெஞ்சும் காட்சியைப் பேய்ப்படத்தில் வரும் காட்சி என்று சொல்வதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தமிழில் இந்த வகையில் ஒரே ஒரு படம் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

மற்ற புதுசுகள். 'முனி', 'காஞ்சனா' வரிசையைச் சிலர் மட்டம் தட்டுவார்கள், நான் மாட்டேன். மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை பார்த்து வளர்ந்த ஆட்களுக்கு, நாக்கைத் துருத்திக்கொண்டு காளி ஓடிவருவதும், குழந்தை அழுவதும், அதே குழந்தை அடுத்த நிமிடம் பலூன் கேட்பதும் ஒரே சாயங்காலம்தான். பயமும் சிரிப்பும் கலப்பது நம் ஊரில் கலப்படம் ஆகாது. ஆனால் அவற்றில் காதல் என்பது நாயகனுக்கும் நாயகிக்கும் நடுவே வரும் நாலு பாட்டு. ஆவியின் கதையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. நீங்கள் ஒட்டவில்லை என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். 'டார்லிங்' (2015), அதற்குப் பின்னால் வந்த பல படங்களுக்கும் இதே நோய். அவள் யார் என்பதை இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிட ஃபிளாஷ்பேக்கில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒரு பெண், ஒரு வில்லன், ஒரு பலாத்காரம், ஒரு கொலை. அவளுக்குப் பிடித்தது என்ன, எதற்குச் சிரிப்பாள், யாருக்காகக் காத்திருந்தாள் என்று ஒன்றும் தெரியாது. தெரியாதவளுக்காக நான் எப்படி உருகுவேன்? பயமும் அப்படித்தான். சத்தத்தைத் திடீரென்று கூட்டினால் யாரும் துள்ளுவார்கள், அதற்குப் பேய் வேண்டியதில்லை, பிரஷர் குக்கர் போதும்.

'பீட்சா' (2012) தனி. அதில் பேய் ஒரு கட்டுக்கதை, ஆனால் அந்தக் கட்டுக்கதையைச் சொல்லக் காரணம் ஒரு காதல் ஜோடியின் பிழைப்பு. 'மஹல்' வகையை இந்தக் காலத்துக்குச் சரியாகத் திருப்பிய படம்.

இந்தியில் 'ஸ்த்ரீ' (2018) பாருங்கள். சிரிப்புப்படம் என்றுதான் எடுத்திருக்கிறார்கள். முதலிரவில் கொல்லப்பட்ட தாசிப்பெண் ஆண்களைத் தூக்கிப்போகிறாள். ஊர் கடைசியில் அவளுக்குச் சிலை வைத்து, எங்களைக் காப்பாற்று என்று எழுதி வைக்கிறது. நம் ஊரில் அம்மன்கள் பலர் உருவான வழியை இரண்டு மணி நேரத்தில் பார்த்த மாதிரி இருந்தது. மணி கௌலின் 'துவிதா' (1973) மெதுவான படம், பொறுமை வேண்டும். வியாபாரத்துக்காகப் புதுப்பெண்டாட்டியை விட்டுப் போகும் கணவன், அவன் உருவில் வந்து அவளோடு வாழும் ஆவி. ஏமாற்றாமல் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறது அந்த ஆவி. 'பஹேலி' (2005) அதே ராஜஸ்தான் கதையின் வண்ணமயமான வடிவம், ஷாருக் கான் இருப்பதால் வீட்டில் எல்லோரும் உட்காருவார்கள். மலையாள 'லோகா' (2025) கள்ளியங்காட்டு நீலியைச் சூப்பர் ஹீரோ ஆக்கியிருக்கிறது. பேய் கம்மி, சண்டை அதிகம், குறையாகச் சொல்லவில்லை.

வெளிநாட்டில் நான் முதலில் வைப்பது ஜப்பானின் மிஸோகுச்சி எடுத்த 'உகெட்சு' (1953). ஒரு குயவன் பானை விற்கப் பட்டணம் போகிறான். அங்கே ஒரு பெரிய வீட்டுச் சீமாட்டி அவன் கைவேலையைப் புகழ்ந்து தன்னோடு வைத்துக்கொள்கிறாள். ஊர் அவனை ஏமாளி என்று சொல்லலாம், ஆனால் தன் பானையை முதல்முதலாக ஒருத்தி கையில் ஏந்திப் பார்த்தாள் என்பதில்தான் அவன் விழுகிறான். நம் பக்கத்துக் குயவர் ஊரான கரிகிரியில் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் யாரையாவது தெரிந்திருந்தால் அந்த மயக்கம் புரியும். அவள் பேய் என்று தெரிந்து தப்பி ஓடி வீட்டுக்கு வந்தால், மனைவி சமைத்து வைத்துக் காத்திருக்கிறாள். மிச்சத்தை நீங்களே பாருங்கள், இந்த ஒரு முடிவை மட்டும் சொல்ல மாட்டேன்.

தாய்லாந்தில் மே நாக் என்ற கதை அவர்களுக்கு நீலி மாதிரி, நேர் எதிர்த் திசையில். புருஷன் போருக்குப் போயிருக்கும்போது பிரசவத்தில் இறந்தவள், அவன் திரும்பி வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் சோறு பொங்கிப் போடுகிறாள். நம் ஊராக இருந்தால் சுமைதாங்கி நட்டிருப்பார்கள். 'நாங் நாக்' (1999) அழவைக்கும், 'பீ மாக்' (2013) அதே கதையைச் சிரிக்கவைத்துச் சொல்லி, எதிர்பாராத இடத்தில் அழவைக்கும். 'பீ மாக்' இயக்குநர்தான் 'ஷட்டர்' (2004) எடுத்த இருவரில் ஒருவர். தமிழில் அது 'சிவி' (2007). அதில் காதலித்துக் கைவிட்டவளின் பாரத்தை ஒருவன் எப்படிச் சுமக்கிறான் என்பது வெறும் வார்த்தையாக இல்லாமல் கண்ணுக்கே தெரியும்.

ஆங்கிலத்தில் 'கோஸ்ட்' (1990) உங்கள் அப்பா காலத்துப் பையன்கள் எல்லோரும் பார்த்தது, பயம் கிடையாது. கொப்போலாவின் 'டிராகுலா' (1992) வேறு. பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலாவுக்கும் மீனாவுக்கும் காதல் எதுவும் கிடையாது. செத்த மனைவியின் மறுபிறவியைத் தேடி வருகிறான் என்பது சினிமா சேர்த்தது. அந்த யோசனை பழசு. 1932இல் போரிஸ் கார்லாஃப் நடித்த 'மம்மி' ஏற்கெனவே மூவாயிரம் வருடம் கழித்துக் காதலியைத் தேடி எழுந்துவிட்டது. மறுபிறவி நம்பிக்கை நம் சொத்து, அதை வைத்து அவர்கள் கல்லா கட்டுகிறார்கள் என்று நண்பர்களிடம் நான் சொல்வதுண்டு. ஸ்வீடனின் 'லெட் த ரைட் ஒன் இன்' (2008) இரண்டு பிள்ளைகளின் நட்பு, பனி, ரத்தம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் தூங்கின பிறகு பாருங்கள்.

தொடங்குவது எங்கே என்று கேட்டால், 'பிசாசு', அடுத்து 'மணிச்சித்ரதாழ்' மலையாளத்திலேயே, 'சந்திரமுகி' மனப்பாடமாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவதாக 1963 'நெஞ்சம் மறப்பதில்லை'. தேடும்போது வருடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதே பெயரில் செல்வராகவன் படம் ஒன்று 2021இல் வந்திருக்கிறது, எஸ். ஜே. சூர்யா, ரெஜினா. அதிலும் பேய் உண்டு, அதிலும் ஒரு பணக்காரனின் ஆசைதான் எல்லாவற்றுக்கும் காரணம். சூர்யாவின் ஆட்டத்துக்காகப் பார்க்கலாம். ஆனால் காதல் தேடிப் போனால் அங்கே கிடைக்காது, அந்த வீட்டில் ஆசை வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், காதலிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.